வெற்றிலை எடுக்காத கடை

"மதினி, கடைச் சாவியக் குடுங்க. மொதலாளி ஆள் விட்டுட்டாரு."

பெருமாள்சாமி வாசலில் நின்றபடியே கையை நீட்டினான். அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. சிவனம்மாள் துடுப்பால் கிண்டுவதை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"எதுக்குச் சாவி?"

"நாளையிலேருந்து அஞ்சு நாள் கடையடைப்பு. சங்கத்துல முடிவு பண்ணிட்டாக. நம்ம கடைய என்னையவே பூட்டச் சொல்லிட்டாரு."

"நம்ம கடையா? அது எங் கடை தம்பி. தெறக்கிறதும் பூட்டுறதும் நாந்தான்."

பெருமாள்சாமி அவள் புருஷனின் தம்பி. தானிய வியாபாரிகள் சங்கத் தலைவர் நல்லுசாமியின் மண்டியில் கணக்குப்பிள்ளை. அண்ணன் முத்துச்சாமி செத்து மூன்று வருஷமாகியும் அண்ணன் கடையை அண்ணி நடத்துகிறாள் என்பது அவனுக்கு இன்னும் பழகவில்லை. திண்டுக்கல் தானியக் கடைத்தெருவில் கம்பும் சோளமும் கேழ்வரகும் விற்கும் சின்னக் கடை அது. கூலிக்காரர்கள் அரைப்படி, கால்படி என்று அன்றாடம் வாங்கிப் போவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் வருஷம். வானம் பொய்த்துவிட்டது. தாடிக்கொம்புப் பக்கத்துக் கிணறுகளில் வாளி தரை தட்டியது. டில்லியில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். திண்டுக்கல்லில் மண்ணெண்ணெயிலிருந்து மல்லிவரை விலை ஏறியது. வியாபாரிகள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு உத்தரவு வந்தது. தானியம் விற்கும் ஒவ்வொரு கடைக்கும் லைசென்ஸ் வேண்டும்; வாரத்துக்கு ஒருநாள் தாலுகா ஆபீசுக்குப் போய் இருப்பைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். தெரு கொதித்தது. கொதித்ததில் நியாயமும் இருந்தது. பதுக்குகிறவன் தோப்புக்குள் கிடங்கு வைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறான். அரை மூட்டைக் கம்பு வைத்திருக்கிறவன் ஆபீஸ் வராந்தாவில் காய வேண்டும் என்றால் யாருக்குத்தான் எரியாது?

அதிகம் எரிந்தது சிவனம்மாளுக்குத்தான். மற்றவர்கள் குமாஸ்தாவை அனுப்பினார்கள். அவளுக்கு அவளை விட்டால் ஆளில்லை. வாரம் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு வராந்தாவில் நின்றாள். அந்த உத்தரவு ஒழிய வேண்டும் என்று அவளைப் போல வேண்டிக்கொண்டவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

ஆனால் அந்த உத்தரவை எதிர்த்துக் கடையடைப்பு முடிவு செய்த கூட்டத்துக்குச் சங்கம் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்குக் காரணம் இருந்தது.

அந்தத் தெருவில் ஒரு கட்டு உண்டு. எந்தத் தீர்மானமானாலும் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். வெற்றிலை பாக்குத் தட்டைப் பிள்ளையார் முன் வைத்து எடுத்து, கடைக்காரர் ஒவ்வொருவர் முன்பும் நீட்டுவார்கள். வெற்றிலை எடுத்தவன் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவன். எடுத்துவிட்டு மீறினால் தெருவில் அவனோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. சம்மதம் இல்லாதவன் எடுக்காமல் எழுந்து போகலாம். தாத்தா காலத்திலிருந்து அதுதான் நடைமுறை. எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

முத்துச்சாமி செத்த பிறகு நடந்த முதல் கூட்டத்துக்குச் சிவனம்மாள் போயிருந்தாள். தட்டு வரிசையாக வந்தது. அவளுக்கு முன்னால் இருந்தவரிடம் நின்றது. அடுத்து, அவளுக்குப் பின்னால் இருந்தவரிடம் போனது. "நீ செத்த நேரம் ஒதுங்கி நில்லு தாயி. சாமி முன்னால வச்ச தட்டு" என்றார் நல்லுசாமி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வழியில் கிடக்கும் மூட்டையைத் தள்ளி வைக்கச் சொல்வதுபோலச் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். அப்புறம் போகவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கோயில் மகமை வாங்க மட்டும் சங்கத்து ஆள் மாதம் தவறாமல் அவள் கடைக்கு வந்தான். அந்தக் காசுக்குத் தீட்டு இல்லைபோலும்.

மறுநாள் காலை தெரு முழுவதும் பலகைக் கதவுகள் மூடிக் கிடந்தன. சிவனம்மாள் கடையைத் திறந்தாள்.

சங்கம் நினைத்தால் எந்த மண்டியும் அவளுக்கு ஒரு மூட்டை கொடுக்காது. பத்தே நாளில் கடை காலியாகிவிடும். அந்தக் கடையை விட்டால் அவளுக்குக் கொழுந்தன் வீட்டுப் புறவாசல்தான். அது தெரிந்துதான் திறந்தாள். கூப்பிடாத கூட்டத்தின் பேச்சுக்கு இன்று பூட்டினால், என்றைக்கும் தான் கடைக்காரியாக மாட்டோம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

முதலில் வந்தவள் ஒச்சம்மாள். நல்லுசாமி மண்டியில் தானியம் புடைப்பவள். கடையடைப்பால் அவளுக்கும் கூலி இல்லை.

"தெறந்திருக்கியா ஆத்தா? நல்லாருப்ப. வீட்டுல ஒரு மணி கம்பு இல்ல. அஞ்சு நாளைக்கு எங்கிட்டுப் போவேன்னு கண்ணக் கட்டிருச்சு."

அவள் பையோடு நின்றபோதே நல்லுசாமி நாலைந்து பேருடன் வந்துவிட்டார். பின்னால் பெருமாள்சாமி தலையைக் குனிந்து நின்றான்.

"ஏம்மா, தெருவே ஒண்ணா நிக்கிது. நீ மட்டும் துரோகம் பண்றியா?"

"நான் வெத்தல எடுத்தனா அண்ணே?"

"என்ன?"

"வெத்தல எடுத்தவுகதான் கட்டுப்படணும். இது உங்க கட்டு, நான் போட்டதில்ல. மூணு வருசமா எனக்குத் தட்டு வரல. எதுக்கு நான் கட்டுப்படணும்?"

நல்லுசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒனக்கு எப்பிடிம்மா தட்டு வைக்கிறது? தாலியறுத்தவ கையில…" என்று ஆரம்பித்தவர், ஒச்சம்மாளும் கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"நேத்து நீங்க மைக்குல மனு வாசிச்சீக. வீட்டுலேருந்து கேட்டேன். 'பாதிக்கப்படுகிறவர்களை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் சட்டம் போடுவது அநியாயம்'னு சொன்னீக. அம்புட்டும் சத்தியம்ணே. நீங்க என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?"

பதிலுக்கு மிரட்டல்தான் வந்தது. "இனிமே எந்த மண்டியிலேருந்து ஒனக்குச் சரக்கு வருதுன்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு நல்லுசாமி நடந்தார்.

மத்தியானம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். மூடிய தெருவில் ஒரே ஒரு கடை திறந்திருப்பதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சபாஷ்மா! சர்க்காருக்கு ஆதரவா தைரியமா தெறந்திருக்கீங்க. அப்பிடின்னு ஒரு காயிதம் எழுதித் தாரேன், கையெழுத்துப் போடுங்க."

"ஆதரவா? வாரம் ஒருநா என்னைய உங்க வராந்தாவுல நிக்க வைக்கிறீக, அன்னைக்கு எங் கடை பூட்டித்தான் கெடக்கு. உங்க சட்டமும் எனக்கு வேணாம் சாமி. சங்கத்துல என்னைய மொறையாக் கேட்டிருந்தா மொத ஆளா நாந்தான் அடைச்சிருப்பேன்."

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். சிவனம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒருவருக்கு அவள் துரோகி, இன்னொருவருக்கு அவள் சாட்சி. அவளுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சங்கம் அவசரமாகக் கூடியது. அவளுக்கும் ஒரு வெற்றிலையை வைத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு கிழவர் மெதுவாகச் சொன்னாராம். மண்டபமே அவர்மேல் பாய்ந்ததாம். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள்.

மூன்றாம் நாள் காலை பெருமாள்சாமி ஒரு காகிதத்தோடு கடைக்கு வந்தான். மூட்டைகளில் அடிக் கம்புதான் மிச்சம் இருந்தது. ஒச்சம்மாள் உட்பட ஏழெட்டுப் பெண்கள் பையோடு நின்றார்கள்.

"மதினி, எம்மேல கோவிச்சுக்கிராதீக. புதுத் தீர்மானம். வாசிச்சுக் காட்டிட்டு வரச் சொன்னாக."

"வாசிங்க."

"இனிமே தீர்மானத்துக்குத் தட்டு வைக்கிற வழக்கம் கெடையாது. வெத்தல எடுத்தாலும் எடுக்காட்டியும் சங்கம் சொன்னா தெருவுல உள்ள எல்லாக் கடையும் கட்டுப்படணும். அதனால நீங்க இப்பவே அடைச்சாகணுமாம்."

தாத்தா காலத்து வழக்கத்தை ஒரே சாயங்காலத்தில் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஒரு விதவை கையில் ஒரு வெற்றிலை போய்விடக் கூடாது என்பதற்காக வெற்றிலையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

பெருமாள்சாமி அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான்.

"தம்பி, இந்தத் தீர்மானத்துக்குத் தட்டு வச்சாகளா?"

"வச்சாக. இதுதான் கடைசித் தட்டுன்னு சொல்லி வச்சாக. எல்லாரும் எடுத்தாக."

"எனக்கு வச்சாகளா?"

பெருமாள்சாமி காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அப்ப இதுவும் என்னையக் கட்டாது. உங்க மொதலாளிகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள் சிவனம்மாள். படியை எடுத்து மூட்டைக்குள் விட்டாள்.

"ஒச்சம்மா, பைய விரிச்சுப் பிடி."