நான்கு ஊசித் துளைகள்

அன்று தேநீர் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஆறு பேர். தாய்மாமன் கூ யென்திங், அவருடைய தங்கை சூயுன், சூயுனின் மகள் வெய்லான், அவளைக் கேட்டு வந்த பையன் ஃபெங் ஜுன், அவன் அப்பா தஃபா, அம்மா மெய்யிங். ஏழாவது ஆள் கிடையாது. எதிர்வீட்டு லியாவ் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் இருந்தது அவர் வீட்டு மாடி ஜன்னலில்.

வெய்லானுக்கு அப்பா இல்லை. அதனால் நடு நாற்காலி யென்திங்குடையது. எழுபத்தாறு வயதிலும் அவர் முதுகு நாற்காலியில் சாயவில்லை. சூச்சோ நகரத்துப் பட்டு ஆலையில் முப்பத்தெட்டு வருடம், நெசவுக்கான கோலங்களைக் கட்டம் கட்டமாகத் தூரிகையால் தீட்டியவர். ஒரு கட்டத்து மை அடுத்த கட்டத்தைத் தொட்டதில்லை. அந்தக் கையைப் பற்றி அவர் ஒரு நாளும் பெருமை பேசியதில்லை. பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மேசைமேல் தங்கையின் புதுப் பைத்தியம் விரிந்து கிடந்தது. எவளோ நடத்தும் ஏழு நாள் தேநீர் வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து சூயுனுக்குத் தேநீரைக் குடிக்கத் தெரியாமல் போய்விட்டது. வேடிக்கை பார்க்க மட்டுமே தெரிந்தது. கோப்பைக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு பட்டு விரிப்பு, விரிப்புக்குக் குஞ்சம், குஞ்சத்துக்கு ஒரு பச்சை மணி. விரிப்பில் சாம்பல் நீலத் தரையில் கொக்கும் பைன் மரமும்.

"தொட்டுப் பாருங்கக்கா" என்றாள் சூயுன், மெய்யிங்கிடம். "நூறு வருஷத்துப் பட்டு. அரண்மனைக்குப் போன சரக்கு!"

"நூறு வருஷமா?" தஃபா சிரித்தார். "என் கார் சீட்டே இதைவிடப் பளபளன்னு இருக்குமே!"

அவர் துப்பிய சூரியகாந்தி விதைத் தோல் குஞ்சத்தில் போய் ஒட்டியது. யென்திங் அந்தத் தோலையே பார்த்தார். வசந்தத்தின் முதல் கொழுந்தை இந்த மனிதருக்கு ஊற்றுவதும் குளத்து வாத்துக்கு ஊற்றுவதும் ஒன்றுதான்.

மெய்யிங் சிரிக்கவில்லை. செங்சே ஊர்ப் பட்டுச் சந்தையில் இருபது வருடம் போர்வைப் பட்டு விற்றவள் அவள். கண்ணைச் சுருக்கினாள்.

"இருங்க, இருங்க. இந்தக் கோலத்தை நான் எங்கேயோ வித்திருக்கேனே."

அப்போதுதான் யென்திங்கின் பார்வை தன் பக்கத்து ஓரத்துக்கு வந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக நான்கு துளைகள். ஒவ்வொன்றையும் சுற்றி மிளகளவு துருக்கறை.

அந்தத் துளைகளைக் குத்தியது அவர் கை. முப்பது வருடம் முன்பு, அப்பாவின் சாவு வீட்டில். சாவு வீட்டு வழக்கப்படி உறவினர்கள் ஆளுக்கொரு போர்வைப் பட்டு கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர் பெயரை வெள்ளைத் தாளில் எழுதி, பட்டின்மேல் நான்கு ஊசி குத்தி, சுவரெங்கும் தொங்கவிட்டது அவர்தான். காரியம் முடிந்ததும் வீட்டுக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டார்கள். சூயுன் வீட்டில் கல்யாணச் சிவப்பும் சாவுச் சாம்பலும் ஒரே கற்பூர மரப் பெட்டியில் கிடந்தன. கத்தரிக்கோலோடு குனிந்தபோது இந்தக் கழுதை கண்ணை எங்கே வைத்திருந்தாள்?

மெய்யிங் குஞ்சத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். துளைகள் அவளை நோக்கி நகர்ந்தன. அவள் பார்த்தால் ஒரு நொடி போதும். மாப்பிள்ளை வீட்டின் முதல் தேநீரைச் சாவுப் பட்டின்மேல் வைத்த குடும்பம் என்று செங்சே வரை பேசும். வெய்லானின் கல்யாணம் அதோடு சரி. அந்தப் பெண்ணோ ஒன்றும் அறியாமல், பையனுக்கு அரிசிப் பணியாரத் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான் ஊத்தறேன்" என்று யென்திங் கெண்டியை எடுத்தார்.

கோப்பையில் முக்கால் அளவுதான் ஊற்றுவார்கள். விளிம்புவரை ஊற்றினால், எழுந்து போ என்று பொருள். வழியவிட்டால் அதைவிடக் கேவலம். அவமானமாக எடுத்துக்கொள்ளாதபடி வழியவிட ஒரே வழிதான் இருந்தது. யென்திங் தன் கையை நடுங்கவிட்டார். கோப்பை நிரம்பியது, வழிந்தது. கெண்டியும் சாய்ந்து விரிப்பெங்கும் கொட்டியது.

"ஐயையோ!" மெய்யிங் குஞ்சத்தை விட்டுவிட்டுத் துள்ளி எழுந்தாள்.

"அட விடு, பாவம்" என்றார் தஃபா. "பெரியவருக்குக் கை நடுங்குது. எங்கப்பாவுக்கும் கடைசியில இப்படித்தான். ஸ்பூன்ல ஊட்டிவிட்டோம்."

ஊட்டிவிட்டார்களாம். யென்திங் அதை விழுங்கினார்.

"வயசாச்சு. மன்னிச்சுக்குங்க. வெய்லான், இதைச் சுருட்டி எடுத்துட்டுப் போ."

"எங்கேயோ பார்த்த கோலம்தான்..." மெய்யிங் விடவில்லை.

"உங்க கண்ணு தப்புமா? அரண்மனையாவது ஒண்ணாவது, என் தங்கச்சி அளக்குறா. எங்க ஆலைச் சரக்கு."

மெய்யிங்குக்கு முகம் மலர்ந்தது. தன் கண் ஜெயித்தது போதும் அவளுக்கு. வெறும் மரமேசைமேல் புதுத் தேநீர் வந்தது. இலையுதிர் காலத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அவர்கள் போனதும் சூயுன் பாய்ந்தாள். "வேணும்னேதானே கொட்டுன, அண்ணே? என் பட்டு!"

"ஆமா, வேணும்னேதான்." ஈரப் பட்டை அவள் முன் விரித்தார். "இந்த நாலு ஓட்டையும் என்ன, உன் அரண்மனைப் பூச்சி அரிச்சதா? அப்பா படத்துக்குப் பக்கத்துல தொங்குனது இது."

சூயுன் உட்கார்ந்துவிட்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதே அண்ணே" என்றாள்.

"நான் எதுக்குச் சொல்றேன்? நீ வாயை மூடிட்டு இரு."

கல்யாணம் நடந்தது. விருந்தில் தஃபா, எல்லோரும் பார்க்க, யென்திங்கின் கோப்பையைப் பாதிதான் நிரப்பச் சொன்னார். யென்திங் அந்தப் பாதியைக் குடித்தார். கூ யென்திங்குக்கு நடுக்க நோய் வந்துவிட்டது, இனி தூரிகையே பிடிக்க முடியாது என்று லியாவ் சந்து முழுக்கச் சொல்லிவருகிறார். அது பொய். அந்தக் கை ஒரே ஒருமுறைதான் நடுங்கியது, அதுவும் அவர் நடுங்கச் சொன்னதால்.