ஆர்லோவின் கடைசி மான்

வெர்லின் ஹாகன் புற்றுநோயை ஓட ஓட விரட்டிய கதையைப் பாதிரியார் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் காபி ஆறிக்கொண்டிருந்தது. சுவரில் 'எங்கள் மாவீரன்' என்று பதாகை. போன வருஷம்வரை அந்த மாவீரன் பள்ளிக்கூட பஸ்களுக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தவன். பஸ் நடுவழியில் நின்றால்தான் ஊருக்கு அவன் ஞாபகமே வரும்.

"பத்தொன்பது தடவை!" பாதிரியார் விரல்களை விரித்தார், போதவில்லை. "இன்ஷூரன்ஸ்காரன் முடியாதுன்னு சொல்லச் சொல்ல, விடாம போன் பண்ணினாரு. அதுக்குப் பேருதான் விசுவாசம்!"

விசுவாசமாம். சாவு பயம் என்று அதற்கு வேறொரு பெயரும் உண்டு. வெர்லின் தட்டைப் பார்த்தபடி இருந்தான். அவன் ரத்தத்திலிருந்தே அணுக்களை எடுத்து, எங்கோ ஆய்வுக்கூடத்தில் சண்டை பழக்கி, திரும்ப உடம்புக்குள் விட்டார்கள். போர் செய்தவை அவைதான். மாவீரன் வாந்தி எடுத்துக்கொண்டே டிவியில் மீன்பிடிப்புப் பார்த்தான். இப்போது எட்டு மாதமாக நோயின் சுவடே இல்லை.

கடைசி மேசையில் மார்லிஸ் இருந்தாள். ஆர்லோவின் மனைவி. மார்ச்சிலிருந்து விதவை. அவளும் கை தட்டினாள். அந்தக் கைதட்டல் மட்டும் வெர்லினின் காதில் தனியாக விழுந்தது.

இந்தச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னதே ஆர்லோதான். போன அக்டோபரில் இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலியில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஒரே நோய். ஆர்லோ பத்திரிகையில் கிழித்த துண்டை நீட்டினான்.

"புது வைத்தியமாம்ப்பா. எலிக்குக் குடுத்துப் பாத்தாச்சாம், இப்ப ஆள் தேடுறாங்க. உன் மூஞ்சிக்கு ரெண்டு கணக்குலயும் சேத்துப்பாங்க."

அன்று சாயங்காலமே வெர்லின் போன் செய்தான். ஒரே ஒரு இடம்தான் பாக்கி, யார் விண்ணப்பக் காகிதம் முதலில் வருகிறதோ அவருக்கு என்றாள் நர்ஸ்.

அடுத்த வாரம் ஆர்லோ சொன்னான்: "மான் வேட்டை சீசன் முடியட்டும், நானும் அவங்ககிட்ட பேசறேன். நாப்பது வருஷத்துல ஒரு முதல் நாளைக்கூட விட்டதில்ல. நம்பர் எங்கயும் ஓடிடாதுல்ல?"

வட மினசோட்டாவில் நவம்பர் மானுக்காகக் கல்யாணங்களே தள்ளிப்போகும். புற்றுநோய் எந்த மூலைக்கு? ஒரே இடம்தான் என்பது வெர்லினின் நாக்கு நுனிவரை வந்தது.

"நம்பருக்கு என்ன காலா இருக்கு? போய்ட்டு வா" என்றான்.

இருவரும் சிரித்தார்கள். சீசன் முடிந்த திங்கட்கிழமை ஆர்லோ போன் செய்தபோது அந்த இடம் வெர்லினின் பெயரில் நிரம்பியிருந்தது.

பேச்சு முடிந்ததும் மார்லிஸ் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தோடு வந்தாள். பக்கவாட்டில் ஒட்டிய டேப்பில் அவள் பெயர்.

"அவர் கடைசியா அடிச்ச மான். ஃப்ரீசர்ல வச்சிருந்தேன். உருளைக்கிழங்கு போட்டு வேகவச்சேன். உங்களுக்குக் குடுக்கணும்னு தோணிச்சு."

வெர்லின் வாங்கிக்கொண்டான். நன்றி என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

"மார்லிஸ், ஒரு இடம்தான் பாக்கின்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் வேட்டைக்குப் போகச் சொன்னேன்."

அவள் பதாகையைப் பார்த்தாள். பாத்திரத்தை மூடியிருந்த தாளின் ஓரத்தை மெதுவாக மடித்துவிட்டாள்.

"சொல்லியிருந்தாலும் அந்த மனுஷன் மானுக்குத்தான் போயிருப்பாரோ என்னவோ. ஆனா நாங்க ரெண்டு பேரும் உக்காந்து சண்டையாவது போட்டிருப்போம்ல, வெர்லின்?"

வெர்லின் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஆறதுக்குள்ள சாப்பிடுங்க. பாத்திரத்தக் கழுவி நீங்களே வீட்டுக்குக் கொண்டாங்க. சர்ச்சுல யார்கிட்டயாவது குடுத்து அனுப்பற வேலையெல்லாம் வேணாம்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறினாள். பாத்திரத்தின் அடி உள்ளங்கையைச் சுட்டது.

"மாவீரரே, கேக் வெட்ட வாங்க!" பாதிரியார் கத்தியை ஆட்டிக் கூப்பிட்டார்.

"நீங்களே வெட்டிடுங்க" என்றான் வெர்லின். "என் கை காலியில்ல."