நயினாரின் மாஸ்க் ஒரு நாளும் தவறவில்லை

பத்தொன்பதாவது கதிர்வீச்சு சிட்டிங்கோடு ஆறுமுகநயினார் வருவதை நிறுத்திவிட்டார். இருபதாவதிலிருந்து அவருடைய மாஸ்க் மட்டும் வந்தது.

தொண்டையில் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சுப் பிரிவில் ஒரு மாஸ்க் செய்வார்கள். பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் இளக்கி முகத்தின்மேல் அழுத்தினால் முகம் அதில் பதிந்துவிடும். தலை அசையாமல் இருக்க அது. கதிர் எங்கே பாய வேண்டும் என்ற கோடுகளையும் அதன்மேல்தான் போடுவார்கள்.

நயினாரின் மாஸ்க் தினமும் காலை பத்து மணிக்கு அலமாரியிலிருந்து இறங்கும். டோக்கன் எடுக்கும். பெஞ்சின் ஓரத்தில் உட்காரும். பேர் கூப்பிட்டால் உள்ளே போகும். யாருக்கும் இதில் ஒரு குறை தெரியவில்லை.

"கோட்டுக்குக் கோடு ஒட்டி நிக்கி மேடம்," என்றார் டெக்னீஷியன் கோயில்பிச்சை. "ஒரு இருமல் இல்ல, ஒரு அசைவு இல்ல. இப்படி ஒரு பேஷண்ட நான் பாத்ததில்ல."

திங்கட்கிழமை மாஸ்க் செக்கப்புக்காக டாக்டர் ஜெபக்கனியின் முன்னால் வந்து உட்கார்ந்தது. டாக்டர் எடை பார்த்தார். நூற்றெண்பது கிராம். போன வாரமும் அதேதான். கதிர் வாங்குகிறவர்கள் இளைத்துப்போவதுதான் வழக்கம். இது இளைக்கவில்லை. வாயில் புண் இல்லை. வாயே இல்லை.

டாக்டர் ஜெபக்கனி இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஆராய்ச்சியில் இருந்தார். நோயாளிகள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? நாற்பத்தோரு காரணங்கள் சேர்த்திருந்தார். ஊர்க் கோயில் கொடை, மச்சினன் கல்யாணம், நெல்லறுப்பு, செத்துப்போன மாமியார் கனவில் வந்து வேண்டாம் என்றது. காரணம் எதுவானாலும், மிச்சமிருக்கிற கட்டி சும்மா இருக்காது. நின்றுபோனவர்களின் பெயர்கள் அவருக்கு மனப்பாடம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

துறைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தத் தடவை பாதியில நின்னவங்க பூஜ்யம்! கட்டுரைய உடனே அனுப்பிருங்க ஜெபக்கனி."

"சார், நயினார் எங்க?"

"வந்திருக்காரே," என்று தலைவர் மாஸ்க்கைக் காட்டினார். மாஸ்க் மரியாதையாக எழுந்து நின்றது.

டாக்டர் தாமே தேடிக்கொண்டு போனார். நயினார் டவுன் பஸ் கண்டக்டர். தன் பஸ்ஸிலேயே கடைசி சீட்டில், மூக்கில் போட்ட குழாயைக் காதோரம் சுற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஊர்தான் ஜன்னல் வழியே போய்க்கொண்டிருந்தது. முருகன்குறிச்சி போயிற்று. வண்ணார்பேட்டை வந்தது.

"ஏன் வரல?" என்று கேட்டார் டாக்டர்.

"வாரேம்லா." குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"மாஸ்க்தான் வருது."

"அப்பம் சரிதான? கோடெல்லாம் அதுலதான போட்டீய? மெஷினும் அதத்தான பாக்கு? பத்தொம்பது நாளு வந்தேன் டாக்டரம்மா. ஒரு நாளாச்சும் எம் மூஞ்சியப் பாத்தீயளா?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. நாற்பத்தோரு காரணங்களில் இது இல்லை. அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தார். இடது புருவத்தில் ஒரு தழும்பு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண் இரண்டும் பயந்துபோயிருந்தன.

"பாக்கல," என்றார். "தப்புதான். இனிமே பாக்கேன், வாங்க. பதினாலு சிட்டிங் பாக்கி இருக்கு."

வண்ணார்பேட்டை போவதற்குள் இருவரும் இறங்கிக்கொண்டார்கள்.

கோயில்பிச்சை மாஸ்க்கை நயினாரின் முகத்தில் மாட்டிப் பார்த்தார். கடகடவென்று ஆடியது.

"மாஸ்க் கரெக்டாத்தான் மேடம் இருக்கு. ஆளுதான் லூஸு. ஆள மாத்திரலாமா?"

புது மாஸ்க் செய்ய ரெக்கார்டு செக்‌ஷனில் கேட்டார்கள். அங்கே சண்முகவடிவு இருந்தார்.

"புது மாஸ்க்குன்னா புது பேஷண்ட் டாக்டர். புது பேஷண்டுக்கு ஒரு ஆள் வேணும்."

"இந்தா நிக்காரே."

"இவருதான் காலைலயே வந்துட்டுப் போயிட்டாரே. கையெழுத்து இருக்கு."

"கையெழுத்து மாஸ்க் போட்டது. மாஸ்க்தான் நயினாருன்னு யாரு சொன்னா?"

"ஃபைல் சொல்லுது."

"ஃபைலுக்கு யாரு சொன்னா?"

"மாஸ்க்."

வேலிக்கு ஓணான் சாட்சி. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சண்முகவடிவு இரக்கப்பட்டார். "மாஸ்க்கோட வந்த பொருள்னு ஒரு கட்டம் இருக்கு. பல்செட்டு, கண்ணாடியெல்லாம் அதுல எழுதுவோம். அதுல இவர எழுதலாம். ஆனா எழுதினா, ஒம்பது நாளும் மாஸ்க் ஆளில்லாமத்தான் வந்துதுன்னு ஆயிரும். உங்க பூஜ்யம் போயிரும்."

இருபத்திரண்டு வருஷத்தில் கிடைத்த ஒரே பூஜ்யம். டாக்டர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்து, 'ஆள் - 1, பழையது' என்று எழுதினார்.

நயினார் எட்டிப் பார்த்தார். "பழசா?"

'உபயோகத்தில் உள்ளது' என்று டாக்டர் சேர்த்துக்கொண்டார்.

ரிப்பேர் என்ற பேரில் கோயில்பிச்சை பழைய மாஸ்க்கை இளக்கி, ஒட்டிய கன்னத்தின்மேல் அழுத்தினார். டாக்டர் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டார். மாஸ்க் வளைந்துகொடுத்தது.

கதிர் வெளியே சிதறாமல் இருக்க, மெஷின் அறைக்குப் போகும் நடையை வளைத்துத்தான் கட்டுவார்கள். வழக்கமாக இரண்டு திருப்பம். அன்று, வராத ஒன்பது நாளுக்கு ஒன்பது திருப்பம் கூடியிருந்தது. நியாயம்தானே. திருப்பத்துக்குத் திருப்பம் நயினார் விசில் ஊதினார். ஒரு விசிலுக்கு டாக்டர் நின்றார். இரண்டு விசிலுக்கு நடந்தார். போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது.

தினமும் வெளியே வந்து திரும்பப் போவது நடக்கிற காரியமில்லை. பதினான்கு சிட்டிங்கும் முடிகிறவரை அங்கேயே தங்கிவிட்டார்கள். கதிர் பாயும் நேரத்தில் மட்டும் டாக்டர் மூன்று திருப்பம் தள்ளிப் போய் நிற்பார். சனி ஞாயிறு லீவு. சாப்பாடு வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்து சிட்டிங் முடிந்த அன்று நயினார் சுவரோடு சாய்ந்துவிட்டார். "விட்ருங்கம்மா. தொண்ட தீயா எரியுது."

"இன்னும் நாலுதான் நயினார்."

"உங்களுக்கென்ன, சொல்லிருவீய."

"நானும்தான் வீட்டுக்குப் போகல. போனா சேந்து போவோம்."

நயினார் சுவரைப் பிடித்து நிமிர்ந்தார். பிறகு இரண்டு விசில் கொடுத்தார்.

முப்பத்து மூன்றாவது சிட்டிங் முடிந்து வெளியே வந்தபோது, டாக்டரின் அறை வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"டோக்கன்?"

"நான் டாக்டர்."

"டாக்டரம்மா உள்ள இருக்காங்க."

டாக்டர் கதவிடுக்கில் பார்த்தார். போகிற அவசரத்தில் நாற்காலியில் விட்டுப்போன வெள்ளைக் கோட் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. காலரில் ஸ்டெதஸ்கோப். வலது கை எழுதிக்கொண்டிருந்தது. கூட்டம் மளமளவென்று குறைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தலைவர் பூரிப்போடு நின்றார்.

"ஒரு நாள் லேட் இல்ல, ஒரு லீவு இல்ல," என்றார் காவலாளி. "பேஷண்டோட வந்தவங்க பெஞ்சுல உக்காருங்க."

நயினார் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். டாக்டர் உட்கார்ந்தார். நயினார் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். இரண்டு மாதமாகத் தண்ணீர்கூட அவருக்குக் குழாய் வழியாகத்தான்.

"குடிச்சுப் பாக்கட்டா?"

"மெல்ல."

தொண்டைக் குமிழ் மேலே ஏறியது. நின்றது. டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு அது கீழே இறங்கியது. நயினாரின் கண்ணில் நீர் முட்டியது.

"வலிக்கா?"

"வலிக்கு," என்றார் நயினார். "ஆனா போவுது."

டாக்டர் ஜெபக்கனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. உள்ளே கோட் மணியடித்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது.

"இன்னொரு மடக்கு," என்றார் டாக்டர்.