தெரியும் என்று சொல்ல இரண்டு பேர்

வாக்காளர்களைச் சரிபார்க்கும் வேலையைக் கணக்கு டீச்சரின் தலையில் கட்டியபோது, தலைமையாசிரியர் அதை விருது கொடுப்பதுபோலக் கொடுத்தார். "உங்களை மாதிரி கறாரான ஆளுதான் இதுக்கு லாயக்கு டீச்சர்" என்றார். யாருக்கும் வேண்டாத வேலையைப் புகழ்ச்சியில் பொதிந்து தள்ளிவிடுவதில் அவர் கெட்டிக்காரர். டீச்சரும் புகழ்ச்சிக்கு மயங்குகிறவள்தான், வாங்கிக்கொண்டாள்.

அந்நியர்கள் ஓட்டுப் போட்டுவிடுகிறார்கள் என்று ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. யார் பார்த்தது, எங்கே பார்த்தது என்று கேட்டால் பதில் வராது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? கடைசியில் ஒரு விதி வந்தது. பிறப்புச் சான்று இல்லாத ஒருவரை, பக்கத்து வீட்டார் இரண்டு பேர் "எனக்குத் தெரியும்" என்று சொல்லி அடையாளம் காட்ட வேண்டும். குடும்பத்தார் சொன்னால் செல்லாது. சரிபார்க்க வருகிறவர் சொன்னாலும் செல்லாது. இரண்டு பேர் கிடைக்காவிட்டால் கதவில் சாக்பீஸால் ஒரு வட்டம், ஓட்டு இல்லை. ஆனால் அந்நியனைத் தெரியும் என்று சொன்னவனுடைய ஓட்டையும் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒரு வதந்தி, விதிக்கு முன்னாலேயே தெருத்தெருவாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

இதில் டீச்சருக்கு ஒரு முள் இருந்தது. அவள் கணவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அம்மா அவரை எங்கிருந்தோ தூக்கி வந்தாள். எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவள் சொல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். சான்று எதுவும் இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் மனிதர் கல்யாணத்துக்குப் போவதுபோல இஸ்திரி போட்ட சட்டையில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார்.

"நம்ம தெருவுக்கும் வருவாங்கல்ல, டீச்சரம்மா?" என்று கேட்டார். வீட்டிலும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார், கேலியாக.

"வரட்டுமே. அக்கம்பக்கத்துல உங்க கை படாத கடிகாரம் இருக்கா? மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்?"

அவர் சிரித்தார். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

டீச்சருக்கு ஒதுக்கிய தெருவில் ஒரு பழைய மாடிக் கட்டடம். மேல்மாடிக் கடைசி வீட்டைத் தட்டியதும் கதவு திறந்தது. பூட்டுக்காரர் என்று எல்லோரும் கூப்பிடுகிற பெரியவர் அவர். மேசை நிறையச் சாவிகள். உட்காரச் சொல்லித் தேநீர் போட்டுக் கொடுத்தார், சர்க்கரையைத் தாராளமாகப் போட்டு.

"என்கிட்ட சான்று இல்லம்மா. ஆனா இந்தக் கட்டடத்துல எந்தப் பூட்டு கோளாறானாலும் நான்தான் பார்ப்பேன். கேட்டுப் பாருங்க."

டீச்சர் போய்க் கேட்டாள். எதிர்வீட்டு அம்மாள் கதவைச் சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தாள். சங்கிலி புதிது, மாட்டி நாளாகவில்லை.

"பூட்டுக்காரரா? அப்படி யாரும் இல்லீங்களே. அந்த வீடு பூட்டித்தான் கிடக்கு."

அடுத்த வீட்டுக்காரரும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்களே என்று டீச்சருக்குக் கோபம் வந்தது. கையோடு பெரியவரைக் கூட்டி வந்து முன்னால் நிறுத்தலாம் என்று திரும்பினாள். அந்தக் கதவில் ஒரு பூட்டுத் தொங்கியது. துருப்பிடித்த பூட்டு. அதற்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

தேநீரின் இனிப்பு அவள் நாக்கில் இன்னும் இருந்தது.

தட்டினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது, வெகு அருகில், கதவில் வாயை வைத்துப் பேசுவதுபோல. "நீங்க என் வீட்டுல டீ குடிச்சீங்களேம்மா. உங்களுக்கு என்னைத் தெரியும்ல?"

டீச்சர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். "நான் சொல்லக்கூடாதுங்க. விதி அப்படி" என்றாள். சொல்லிவிட்டு ஒரு வட்டம் போட்டாள். கரும்பலகையில் வருஷக்கணக்காகப் போட்ட கை, வட்டம் அழகாக விழுந்தது. அதற்கப்புறம் உள்ளே சத்தமே இல்லை.

இதை அவள் கணவரிடம் சொல்லவில்லை. வயதானவர்களுக்கு ஏதாவது ஒளிந்து விளையாடும் புத்தி இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படித்தவர்களுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் தெருவுக்கு ஆள் வந்தது. வேறு பள்ளிக்கூடத்து இளம் டீச்சர், கையில் சாக்பீஸ். கடிகாரக்காரர் இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தானே தேநீர் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் ரசித்துக் குடித்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனாள். டீச்சர் பின்னாலேயே ஓடினாள்.

பக்கத்து வீட்டு அக்கா நல்லவள். டீச்சருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள். இப்போது கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"கடிகாரக்காரரா? தெரியாதுங்க. டீச்சர் தனியாத்தானே இருக்காங்க."

அவள் அதைச் சொல்லும்போது, அவளுக்குப் பின்னால் கூடத்துச் சுவர்க்கடிகாரம் மணி அடித்தது. போன மாதம்தான் கடிகாரக்காரர் அதைக் காசு வாங்காமல் சரி செய்து கொடுத்திருந்தார்.

"அக்கா! என்ன பேச்சு பேசுறீங்க? அந்த மணியை அடிக்க வச்சது யாரு?" டீச்சர் கத்தினாள்.

எதிர்வீட்டுக்காரரும் தெரியாது என்றார். இளம் டீச்சர் சாக்பீஸை எடுத்தாள்.

"இப்பதான அவர் கையால டீ குடிச்சே? நீ சொல்லும்மா!"

அந்தப் பெண் உதட்டை ஒருமுறை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. "நான் சொல்லக்கூடாதுங்க" என்றாள். "விதி அப்படி."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மா சொன்ன வார்த்தையா? டீச்சர் வீட்டுக்குள் பாய்ந்தாள். நாற்காலியில் அவர் இல்லை. கொடியில் அவர் சட்டை ஒன்றுகூட இல்லை. மேசைமேல் கடிகாரங்கள் இருந்த இடத்தில் தூசி படிந்திருந்தது. அடுப்படியில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். அவள் அழுதுகொண்டே அந்த மாடிக் கட்டடத்துக்கு ஓடினாள்.

கடைசி வீட்டுக் கதவில் அவள் போட்ட வட்டம் அப்படியே இருந்தது. முந்தானையால் அழுத்தித் தேய்த்தாள். அழியவில்லை, தூள்தான் கையில் ஒட்டியது. உள்ளங்கை நோக கதவைத் தட்டினாள்.

"எனக்குத் தெரியும்! உங்களை எனக்குத் தெரியும்! டீ குடிச்சேன், சர்க்கரை தூக்கலா இருந்துச்சு. எங்க வேணாலும் வந்து சொல்றேன், திறங்க!"

துருப்பிடித்த பூட்டு தானாகக் கழன்று கீழே விழுந்தது.

உள்ளே கூடம் நிறைய ஆட்கள். பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் தேநீர். யாரும் யாரோடும் பேசவில்லை. பூட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். அவர் தோளுக்குப் பின்னால், சன்னலோரத்தில், இஸ்திரிச் சட்டையோடு அவள் கணவர் ஒரு கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க!" என்று உயிரைக் கொடுத்துக் கூப்பிட்டாள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்!"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள், அவரும்தான். பூட்டுக்காரர் பொறுமையாக அவர் பக்கம் திரும்பினார்.

"இந்த அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

கடிகாரக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். உச்சி முதல் பாதம்வரை, அக்கறையாகத்தான் பார்த்தார். முகத்தில் கோபமில்லை, வருத்தமில்லை.

"தெரியலீங்களே" என்றார். "யாரு, டீச்சருங்களா? கையில சாக்பீஸ் தூளு இருக்கு."

பூட்டுக்காரர் கதவை மெதுவாகச் சாத்தினார்.