டெய்லர் வீட்டுச் சுண்ணாம்பு

டெய்லர் வீட்டுப் பசு இரண்டாவது கன்றை ஈன்ற அன்று காலையில், கடையில் அடுக்கி வைத்திருந்த பதினேழு சட்டைத் துணிகளிலிருந்தும் அளவு குறித்த சாக்குக்கோடுகள் காணாமல் போயிருந்தன. துணி இருந்தது, கோடு இல்லை. டிராயரில் இருந்த சாக்குக்கட்டிகளும் இல்லை. சிப்பி பட்டன் டப்பா காலியாக இருந்தது, பக்கத்து டப்பாவில் பிளாஸ்டிக் பட்டன் ஒன்றுகூடக் குறையவில்லை. எந்தத் திருடனும் இப்படிப் பொறுக்கி எடுக்க மாட்டான் என்று டெய்லரின் மனைவி சொன்னாள். கடை வீட்டின் முன்னறை, மாட்டுக் கொட்டகை பின்னால், நடுவில் ஒரே ஒரு சுவர். டெய்லர் ஞாபகத்தை வைத்தே பதினேழு சட்டையையும் தைத்து முடித்தார். அந்த வருடம் தெருவில் பலருக்குச் சட்டைப்பை விலாவுக்குப் பக்கத்தில் இருந்தது. பாங்க் கேஷியர் மட்டும் ஒரு மாதம் முனகினார், பிறகு அவருக்கும் கை பழகிவிட்டது.

மூன்றாவது ஈற்றில் சுவர்களின் வெள்ளை போனது. பொழுது விடிந்து பார்த்தால், அடித்து ஆறு மாதம்கூட ஆகாத சுண்ணாம்பு அத்தனையும் போய்ச் செங்கல் சிவப்பாக நின்றது. எதிர்வீட்டுக் கோழிகள் ஒரு வாரம் ஓடில்லாத முட்டை இட்டன. எதிர்வீட்டுக்காரி இரண்டு முட்டையைக் கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனாள். சண்டைக்கு இல்லை, பார்த்து வைக்கட்டுமே என்றுதான். அன்று மத்தியானம் டெய்லரின் முன்பல் ஒன்று வலியே இல்லாமல் கழன்று சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. இருபது வருடமாக நூல் கடித்து நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்த பல் அது. எடுத்துத் துடைத்து ஜன்னலில் வைத்தார். சாயங்காலம் பார்த்தபோது ஜன்னலிலும் இல்லை. பசு மட்டும் எப்போதையும்விட மூன்று லிட்டர் அதிகமாகக் கறந்தது.

ரப்பர் பூட்ஸோடு ஸ்கூட்டரில் வந்திறங்கிய மாட்டு டாக்டரம்மா சுவரைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கன்று போட்ட மாடு ஒரே நாளில் பாலுக்கு அனுப்பும் சுண்ணாம்புச் சத்து அதன் ரத்தம் முழுக்க இருப்பதைவிட அதிகம், மற்ற மாடுகள் மீதியைத் தங்கள் எலும்பிலிருந்து எடுக்கும், எடுக்கத் தெரியாதது படுத்துவிடும், உங்கள் மாடு கொஞ்சம் சோம்பேறி, பக்கத்தில் கிடைப்பதை எடுத்துக்கொள்கிறது என்றார். போகும்போது இரண்டு விஷயம் சொன்னார். ஈன்ற முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்துப் பொடி ஈன்ற பிறகுதான், ஈனுவதற்கு முந்தின மாதம் ஒரு சிட்டிகைகூட ஆகாது. டெய்லர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தொண்டைக்குழிவரை பட்டன் வை என்று சொல்லும் வாடிக்கையாளருக்கும் அவர் அப்படித்தான் தலையாட்டுவார்.

பசுவின் நாலாவது ஈற்றும் மகளின் தலைப்பிரசவமும் ஒரே மாதத்தில் வந்தன. மருமகனுக்குக் கப்பலில் வேலை, மகள் பெற்றோர் வீட்டில்தான் இருந்தாள். டெய்லருக்குத் தையல் ஓடவில்லை. நாக்கு போய்ப் போய்ப் பல் விழுந்த இடத்தைத் தடவியது. சுவரையும் பல்லையும் எடுத்த மாடு, மகள் வயிற்றில் இருக்கும் பிஞ்சு எலும்பை விட்டுவைக்குமா? மாட்டை விற்றுவிடலாம் என்று மனைவி சொன்னாள். விற்றால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று மகள் சொன்னாள். டெய்லர் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். தினமும் தவிட்டுத் தண்ணீரில் இரண்டு கை பொடியைக் கலந்து பசுவுக்கு வைத்தார்.

அது காலை பத்து மணிக்குக் கன்று போட்டது. மறுபடி சுண்ணாம்பு அடித்திருந்த சுவர் வெள்ளையாகவே இருந்தது. சாக்குக்கட்டிகளை எண்ணிப் பார்த்த டெய்லர் அன்றைக்கு மிஷினில் உட்கார்ந்து விசிலடித்தார். நாலு மணிக்குப் பசு பின்னங்கால் தள்ளாடிப் படுத்தது. கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் வைத்துக்கொண்டது. காது இரண்டும் தண்ணீர்க் குழாய் மாதிரி சில்லிட்டிருந்தன.

டாக்டரம்மா வந்து, மாடு பக்கவாட்டில் சாயாமல் இருக்கச் கோணி மூட்டைகளை முட்டுக் கொடுத்தார். மருந்துப் பாட்டிலை வெந்நீரில் வைத்துவிட்டு டெய்லரைப் பார்த்தார்.

"என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலம்மா. தவிட்டுத் தண்ணிதான்."

"தவிட்டுத் தண்ணில?"

"பொடி. தினம் ரெண்டு கை. வயிறு ரொம்பியிருந்தா யாருகிட்டயும் எடுக்காதுன்னு..."

"பொடி குறையுது குறையுதுன்னு ஒரு மாசமா நான் எலியத் திட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள் மனைவி.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "தட்டு வச்சு ஊட்டியே விட்டுட்டீங்க. எடுக்குறதே மறந்துபோச்சு அதுக்கு. இனி சுவத்துலயும் எடுக்காது, தன் எலும்புலயும் எடுக்காது."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். தடுத்த அப்பாவைத் தாண்டிப் போய்ப் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்து, சில்லிட்ட காதைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். "எனக்காகத்தான் பண்ணீங்களா? எங்கிட்ட எடுக்கணும்னா எடுக்கட்டும்பா. இது எழுந்தா போதும்."

டெய்லர் வெந்நீரிலிருந்து பாட்டிலை எடுத்துத் துடைத்து நீட்டினார்.

"யாரும் எதுவும் குடுக்க வேணாம், பாட்டில் இருக்கு" என்ற டாக்டரம்மா, கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி, ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டபடியே மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கொஞ்சம் வேகமாக விடலாமா என்று டெய்லர் கேட்டார். வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும், நீங்கள் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற நிதானத்தில் போகட்டும் என்று பதில் வந்தது. பாதிப் பாட்டிலில் மகளின் கைக்குள் காது சூடானது. முக்கால் பாட்டிலில் பசு உடம்பை ஒரு உதறு உதறி ஏப்பம் விட்டது. பாட்டில் தீர்ந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று சாணி போட்டுவிட்டுக் கன்றைத் தேடியது. மகள் அதுவரை கையை எடுக்கவே இல்லை.

மறுநாள் பாங்கில் பணம் எண்ணிக்கொண்டிருந்த கேஷியரின் சட்டையில், பை வந்திருக்க வேண்டிய இடத்தில், சாக்குக்கோடு ஒன்று தானாக விழுந்தது. அந்த வாரத்துக்குள் பதினேழு பேரும் கடைக்கு வந்தார்கள். டெய்லர் கோட்டின்படி பைகளை நகர்த்தித் தைத்துக் கொடுத்தார். சிப்பி பட்டன்கள் டப்பாவுக்குத் திரும்பின, நாலு கூடுதலாகவே இருந்தன. கோழி முட்டைகளின் ஓடு அவ்வளவு கெட்டியாகி, எதிர்வீட்டுக்காரி அவற்றை அம்மிக்கல்லில் தட்டி உடைத்தாள். பசு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். டெய்லரின் பல் மட்டும் திரும்பவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. நர்ஸ் எடையை எழுதினாள், நீளத்தை எழுதினாள், வாயைத் திறந்து பார்த்துவிட்டு அதற்குக் கீழே 'பல் ஒன்று' என்று எழுதினாள். முன்பல். அளவு குறைத்துத் தைத்த மாதிரி சிறியது. நடுவில் நூல் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. டெய்லர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"கடையில நூல் கடிக்க ஆளாச்சு" என்றாள் மனைவி. பால் கொடுக்கும்போது கடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.