இடப்பக்கம் விழும் நாற்காலி

தெருவில் டயர் வெடித்தால் பட்டாளத்துக்காரர் வீட்டு நாற்காலிகள் குப்புறப் படுத்துக்கொள்ளும். முன்கால்கள் முதலில் மடங்கும், பிறகு உடல் முழுக்கத் தரையோடு ஒட்டும். மரத்துக்கு ஏது முழங்கால் என்பவர்கள் நேரில் பார்க்காதவர்கள். சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இடப்பக்கம் உருண்டுதான் படுக்கும். சத்தம் கேட்டதும் அவர் அப்படி விழுவதைப் பார்த்துப் பார்த்து முதலில் நாற்காலிகளும், மறு வருடம் கட்டிலும், அதற்கடுத்த வருடம் அலமாரியும் கற்றுக்கொண்டன.

மன பாதிப்புக்காக அவர் கேட்ட ஊன ஓய்வூதியத்தை மறுத்துவிட்டார்கள். உடம்பில் காயமில்லை, நோய் பணியால் வந்ததில்லை என்றார்கள். மறுத்த கோரிக்கையை மறுபடி திறக்க வழி ஒன்றுதான்: முன்பு அவர்கள் பார்க்காத ஆதாரம் வேண்டும், அது நோயைப் பணியோடு முடிச்சுப் போட வேண்டும். கண்ணீர் செல்லாது; அதை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.

பேருந்து நடத்துநரான அவர் மனைவி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டாள்.

"வேண்டாம்டி, மானம் போகுது."

"போன மானத்தை வாங்கத்தான் போறோம். எந்திரிங்க."

பேருந்தில் அவளுடன் வேலை செய்பவன் கேட்டான்: "அக்கா, நாற்காலிக்கு டிக்கெட்?"

"அது மாஜி ராணுவம்டா. சலுகை உண்டு."

ஓய்வூதிய அலுவலகத்தில் அதிகாரி சிரித்தார். "நாற்காலியெல்லாம் சாட்சி சொல்லாதும்மா." கோப்பின் மேல் மறுப்பு முத்திரையை ஓங்கிக் குத்தினார். நாற்காலி இடப்பக்கம் உருண்டு படுத்தது. பக்கத்திலேயே பட்டாளத்துக்காரரும்.

"மேசை அதிர்ந்ததுல அந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்," என்றார் அதிகாரி.

அவள் அதை நிமிர்த்தி எதிர்த்திசை பார்க்கத் திருப்பி வைத்தாள். "இப்பக் குத்துங்க சார். கை வலிக்கிற வரைக்கும் குத்துங்க."

குத்தினார். இப்போதும் அதன் இடப்பக்கமே விழுந்தது. கோப்புகளைப் பரிசோதிக்க அங்கே உட்கார்ந்திருந்த மருத்துவர், அவரும் ஒரு காலத்தில் ராணுவத்தில் இருந்தவர், தரையில் கிடந்தவரிடம் குனிந்தார். "எல்லையில மலை மேல் முகாமா?"

"ஆமாய்யா."

"அங்க குண்டு வலப்பக்கம்தான் வரும். பதுங்குகுழி இடப்பக்கம். நானும் குதிச்சிருக்கேன்."

அதை மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்டார். பணிக்கும் நோய்க்கும் முடிச்சு விழுந்தது. முதலில் மறுத்த நாளிலிருந்தே ஓய்வூதியம் என்று ஆணை வரும்வரை அவள் அந்த அலுவலகத்தை விடவில்லை. ஆதாரம் என்பதால் நாற்காலியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஒரே வருடத்தில் அதிகாரியின் நாற்காலி உட்பட அங்கிருந்த எல்லாமே சத்தம் கேட்டால் விழப் பழகிவிட்டன. மறுக்கப்பட்ட கோப்போடு யாராவது அவள் பேருந்தில் ஏறினால், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொல்கிறாள்: "உள்ள போனதும் கதவை நல்லா அறைஞ்சு சாத்துங்க."