பெரியப்பாவின் உரம்

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுப்பது பெரியப்பாவின் தொழில். தம்பி மகளைப் பட்டறையில் வேலைக்குச் சேர்த்ததற்குக் காரணம் அவளுடைய வேதியியல் பட்டம் அல்ல. சொந்தக்காரப் பெண் எதிர்த்துப் பேச மாட்டாள் என்று பெரிய மனதோடு கணக்குப் போட்டிருந்தார்.

வந்த வாரமே அவள் வாயைத் திறந்துவிட்டாள். "பேட்டரி கழுவுற தண்ணியை அப்படியே சாக்கடையில விடுறீங்களே பெரியப்பா, அதுல ஈயம் இருக்கு."

"கண்ணுக்குத் தெரியுதா? தெரியலல்ல? அப்புறம் என்ன!" இத்தனை ஆண்டுகளாக அந்தப் பட்டறையில் நடந்த ஒரே பரிசோதனை அதுதான்.

அவள் விடவில்லை. நிலக்கடலைத் தோலை அமிலத்தில் ஊறவைத்து, காற்றுப் புகாத உலையில் சுட்டுக் கரியாக்கி, கழுவிக் காயவைத்து, பீப்பாயில் நிரப்பினாள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்த அந்தக் கரி, ஊடே போன தண்ணீரிலிருந்த ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. "கரி மூட்டம் போடவா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்று பெரியப்பா கேட்டதில் அவளுக்குக் கரிக்காரி என்று பேர் விழுந்தது.

தண்ணீரில் ஈயம் அனுமதித்த அளவுக்கும் கீழேதான் என்று ஆய்வகம் சான்று தந்ததும், "எல்லாம் நம்ம ஐடியாதான்" என்று பெரியப்பா பார்க்கிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். கரிக்காரி தலையில் அடித்துக்கொள்ளவில்லை, கையெல்லாம் கரி.

ஒரு காலை, பீப்பாயிலிருந்து எடுத்துத் தனியாகக் கட்டிவைத்திருந்த பழைய கரி மூட்டைகளைக் காணோம்.

"நேத்து சாயங்காலம் நம்ம தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்மா. கரி மண்ணுக்கு நல்லதாம். பெரியம்மாவோட கீரைப் பாத்திக்கு நானே கொத்திப் போட்டேன்."

கரிக்காரி அலறினாள். "அதுல ஈயம் இருக்கே!"

"அதைத்தான் கரி சாப்பிட்டுடுச்சுன்னியே?"

"சாப்பிட்டுச்சு, ஜீரணிக்கல! தண்ணியில இருந்தது கரிக்கு வீடு மாறியிருக்கு. அவ்வளவுதான்."

இருவரும் வீட்டுக்கு ஓடியபோது பெரியம்மா முறத்தில் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். கரிக்காரி முறத்தைப் பிடுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். பெரியம்மா அவளைத் திட்டவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"கல்யாண நாளைக்குக்கூட ஒண்ணும் வாங்கித் தராத மனுஷன். ஆசையா கொண்டாந்து போட்டது இதுவா?"

"உரம்னு நெனச்சுத்தான்..."

"நெனச்ச கையாலேயே தோண்டுங்க."

ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா மெல்ல இழுத்துப் பார்த்தார். பெரியம்மா மண்வெட்டியை நீட்டினாள். கரிக்காரி கையுறையும் முகமூடியும் கொடுத்தாள். தூசி கிளம்பாமல் இருக்கப் பாத்தியை நனைத்தாள். முதலாளி முதன்முறையாகத் தன் தொழிலின் கழிவைத் தானே அள்ளினார். கரியும் கீரையும் மேல்மண்ணும் மூடி போட்ட பீப்பாய்களுக்குள் போயின. அபாயக் கழிவு ஏற்றும் லாரி மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. கீரை அடுப்பேறும் முன்பே தடுத்துவிட்டதால் ஈயம் யார் வயிற்றுக்குள்ளும் போகவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கரிக்காரி அடம்பிடித்தாள். பெரியம்மாவுக்கு ஒன்றும் இல்லை. பெரியப்பாவுக்குத்தான் இருந்தது. தோட்டத்து ஈயம் அல்ல, பட்டறையில் ஆண்டுக்கணக்காக மூச்சில் போனது.

பரிசோதனைச் சீட்டைப் பெரியப்பா இரண்டு முறை படித்தார். பிறகு கேட்டார், "ஏம்மா, ஈயம் உருக்குற உலைப் பக்கம் நிக்கிற நம்ம ஆளுங்களுக்கும் இதை எடுத்துப் பாக்கணுமோ?"

"நாளைக்கே கூட்டிட்டுப் போறேன் பெரியப்பா."